பின்பக்கம் ஸ்டீயரிங் இல்லாத வண்டி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அக்காவிடமிருந்து எடுத்தது. எடுத்தது என்று நான்தான் நாகரிகமாகச் சொல்கிறேன், அவளைக் கேட்டால் திருட்டு என்பாள். காலையில் டீ குடிக்க வேனை நிறுத்திய இடத்தில் முதல் வரியை எழுதினேன்:

"பெருநகரத்தின் இரைச்சலை விட்டு விலகி, பசுமையின் மடியில் தலைசாய்க்க"

அக்கா எட்டிப் பார்த்தாள். "டூரிஸ்ட் நோட்டீஸ் மாதிரி இருக்குடா." வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.

2

அக்கா பூமிக்கடியில் ஓடும் ரயிலை ஓட்டுபவள். (ஓட்டியவள் என்று எழுத வேண்டும். கை வரவில்லை.) இருபத்திரண்டு வருடம் சுரங்கத்தையே பார்த்தவள். பிறகு நடந்ததை இரண்டு வரிக்கு மேல் எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு.

ஒருநாள் தண்டவாளத்தில் ஒருவர் இறங்கினார்.
அக்கா பிரேக் பிடித்தாள், போதவில்லை.

இரண்டு வரி முடிந்தது. அதன்பிறகு அவளைத் தொலைந்த பொருட்கள் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். மூன்று வருடம் யார் யாருடைய குடைகளுக்கோ காவலிருந்தாள். வேலையை விட்ட மறுவாரம் பழைய கேம்பர்வேன் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, முன்சீட்டிலிருந்து பின்கதவு வரை நடந்துபோக ஒரு சந்து.

"எதுக்குக்கா இது?"

"ரயில்ல பிரேக் மட்டும்தான்டா. திருப்பறதுக்கு ஒன்னும் கிடையாது. எனக்குத் திருப்புற மாதிரி ஒரு வண்டி வேணும்."

கதையை இங்கேயே முடித்திருந்தால் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருப்பேன். ஆனால் அவள் இன்னும் எதையும் திருப்பவில்லையே.

3

அக்கா மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வண்டியைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது. அம்மா மறுபடி ஓட்டவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு தடவை அந்த ஏரி பார்க் வரைக்கும் போயிட்டு வாம்மா. நீயே ஓட்டிட்டுப் போய் நீயே ஓட்டிட்டு வரணும். நடுவுல என்னைக் கூப்பிட்டா நான் வந்து எடுத்துட்டு வருவேன். ஆனா அன்னைக்கே வண்டியை வித்துடுவோம்."

"சரி."

"மாமா, கதை எழுதறேன்னு நீங்க வேற உசுப்பேத்தாதீங்க."

(இவளைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக்கினால் கதைக்குச் சௌகரியம். ஒரு பக்கம் அப்படி எழுதியும் பார்த்தேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, கை தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மூன்று மாதம் தலை வாரிவிட்டவள் இவள்தான். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

4

சிக்னலைப் பார்த்தால் விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் தொழில் பழக்கம். நகரத்தைத் தாண்டும்வரை "பச்சை", "சிவப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பார்க்குக்குள் சிக்னல் கிடையாது. போர்டுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மான் கடக்கும் இடம். வேகம் முப்பது."

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் விரலை நீட்டிப் படித்தாள்: "ஏரி, இரண்டு கிலோமீட்டர். வண்டி திருப்ப இடமில்லை." படித்துவிட்டு அதே பாதையில் விட்டாள்.

என் காதிலும் விழுந்தது. நான் மரங்களை வர்ணிக்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். (அந்தப் பத்தி இங்கே இருந்தது. அதனால்தான் மாட்டிக்கொண்டோம், எடுத்துவிட்டேன்.)

5

பாதை ஒரு மரவேலியோடு முடிந்தது. கீழே ஏரி. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் சரிவு. அக்கா ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினாள். சாவியை எடுத்தாள். கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு எழுந்து, அடுப்பைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, பின்கதவு வரை நடந்தாள். அங்கே வெறும் காற்றில் கையை நீட்டியபடி நின்றாள்.

"டேய், இங்க ஒன்னுமே இல்லடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி ஸ்டேஷனில் ரயிலை யாரும் திருப்புவதில்லை. ஓட்டுபவர் எழுந்து மறுமுனைக்கு நடந்துபோய் அங்கிருந்து ஓட்டுவார். தினம் எட்டுத் தடவை அப்படி நடந்தவளுக்கு, திருப்ப இடமில்லை என்ற போர்டு ஒரு எச்சரிக்கையாகவே படவில்லை.

நான் சிரித்துவிட்டேன். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன.

6

இப்போது அந்தக் கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அக்கா தண்ணீர் குடிக்கிறாள். பாட்டில் காலியாவதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: "அப்போது சீருடை அணிந்த காவலர் ஒருவர்"

"யாருடா வந்தா?"

"யாரும் வரல."

"வராத ஆளை ஏன் கூட்டிட்டு வர?"

முடிவு இரண்டு: "ஏரியைக் கண்டதும் அவள் நெஞ்சிலிருந்த பாரமெல்லாம்"

ஏரியை அவள் இரண்டு நிமிடம் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். பாரம் அப்படியேதான் இருக்கிறது.

முடிவு மூன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. போனை எடுத்துப் பார்த்தேன், டவர் இருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

"உன் பொண்ணைக் கூப்பிடட்டுமாக்கா?"

"போனை உள்ள வை."

"ரெண்டு கிலோமீட்டர் ரிவர்ஸ்க்கா. மூணு வளைவு. கை வேற நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்குற கையாலயே திருப்பறேன். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பணும். நீ இறங்கிப் பின்னாடி நில்லு, இடிக்கிற மாதிரி இருந்தா ரெண்டு தட்டு தட்டு."

7

பாட்டில் காலி. அக்கா முன்சீட்டுக்குப் போய்விட்டாள். பக்கக் கண்ணாடியை நோக்கி விரலை நீட்டி என்னவோ சொல்கிறாள்.

நோட்டைப் பிடித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் நடக்க முடியாது. அதனால் இந்தக் கதையில் இதற்குமேல் நான் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான் ஓர் ஆள், பாறைப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். சரிவுப் பக்கம் யாரும் இல்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், அந்தப் பக்கம் நீங்கள் நில்லுங்கள்.

சக்கரம் நிஜமாகவே விளிம்புக்கு வந்தால் தட்டுங்கள். சும்மா பயந்துபோய்த் தட்டிவிடாதீர்கள். தட்டினால் உடனே பிரேக் பிடித்துவிடுவாள், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் வளைவு வருகிறது. கொஞ்சம் பொறுங்கள், அவள் திருப்பட்டும்.