சிவந்த கல்

கல் சிவந்திருந்தது. முந்தின நாள், 1972 பங்குனி ஒன்பதாம் தேதி மாலை, நான்தான் அதைச் செம்மண் மேட்டின் உச்சியில் நட்டு, சுண்ணாம்பு அடித்துவிட்டு இறங்கியிருந்தேன். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தொழிற்பேட்டைச் சாலைக்கு அளந்துகொண்டிருந்தோம். சங்கிலி பிடிப்பது என் வேலை. செங்குத்தான அந்த மேட்டை வெடிவைத்துப் பிளந்து நேராகப் போவதென்று திட்டம். இப்போது கல்லைச் சுற்றி வேப்பிலையும் பத்துப் பெண்களும்.

"ஆத்தா வந்து குந்திக்கினா சார். கைய வெச்சிடாதீங்க," என்றாள் செங்கம்மாள்.

ஈரச் சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் சிவக்கும். அவள் நகக்கண்களும் சிவந்திருந்தன. மேட்டடியில் அரைக் காணி அவளுடையது. மேடு கசிகிற தண்ணீரில்தான் அங்கே நவரை நெல் விளைகிறது. இதை நான் இன்ஜினியரிடம் சொல்லவில்லை.

"சாமி விஷயம், நமக்கெதுக்குப்பா பேஜாரு?" என்று இன்ஜினியர் பரசுராமன் வரைபடத்தில் பென்சிலால் ஒரு வளைவு போட்டார். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. வளைவு இந்தப் பக்கம்தான் வர முடியும்.

இன்று ஊர் அந்த வளைவின்படிதான் இருக்கிறது. லாரிகள் நிதானிக்கிற இடத்தில் டீக்கடைகள், சரிவில் படிப்படியாகத் தொழிலாளர் வீடுகள், உச்சியில் கோயில். நேரான தெரு ஒன்றுகூட இல்லை. புதிதாக வருகிறவர்கள் அழகான ஊர் என்கிறார்கள்.

அன்று மத்தியானமே அவள் வயலில் அளவு முளைக்குச்சிகள் அடித்தேன்.

"இன்னா நைனா, மேடு தப்பிச்சிச்சில்ல? இங்க இன்னாத்துக்குக் கழி?"

"மேடு இருக்குதுக்கா. ரோடுதான் சுத்திக்கினு வருது. இப்டி."

நான் கை நீட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரில் அப்போதுதான் பால் கட்டியிருந்தது.

"நாந்தான் பூசினேன்னு சொல்லிட்டா?"

"மேட்ட ஒடைச்சிடுவாங்க. ஊத்து பூடும்."

மேலே கல்லைச் சுற்றி நின்ற பெண்களில் கங்கம்மா குரல் கொடுத்தாள். "ஏ செங்கம்மா! உன் கண்ணுலதானே ஆத்தா மொதல்ல பட்டா, நீதான் கற்பூரம் ஏத்தணும். இன்னாடி, பெரிய மனுசி ஆயிட்டியா, தாம்பாளம் வெச்சுக் கூப்புடணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். செங்கம்மாள் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். மடையை அடைத்திருந்த சேற்றைக் காலாலேயே தள்ளினாள். ஊற்றுத் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து, நான் அடித்திருந்த முளைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு பயிருக்குள் போயிற்று.