அந்நியரைக் கண்டால் குறைக்கும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தையற்காரியின் நாய் ஒரு தடவை குரைத்தது. வாசலில் நின்ற கூரியர்காரர் இரண்டு அங்குலம் குள்ளமானார். வலி ஒன்றும் இல்லை, பேண்ட் மட்டும் தரையைக் கூட்டியது. அவள் அளவு நாடாவை எடுத்து அளந்து, நின்ற நிலையிலேயே இரண்டு அங்குலம் மடித்துத் தைத்து அனுப்பிவிட்டு, முந்தின நாள் வாங்கிவந்த சான்றிதழை எடுத்துப் படித்தாள். விஷயம் அதில்தான் இருந்தது.

அவள் கணவர் கடல் தாண்டி ஒரு ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போய் ஏழு வருஷம். இப்போதுதான் அவளை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது. துரை என்கிற நாய் அவர் போன மறுவருஷம் மழைக்கு ஒதுங்கியது, ஒதுங்கியது ஒதுங்கியதுதான். துரை இல்லாமல் வரமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அந்த நாடோ மனிதருக்கு வைத்த சட்டத்தைவிட நாய்க்கு நீளமாக வைத்திருந்தது. முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப். அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி, முன்னால் போட்டால் செல்லாது. முப்பது நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அப்புறம் மூன்று மாதம் காத்திருப்பு. எழுந்து நின்றால் தலை இடிக்காத கூண்டு வேறு. அத்தனையும் முடித்து, புறப்படுவதற்குப் பத்து நாளுக்குள் வாங்கவேண்டிய உடல்நலச் சான்றிதழையும் வாங்கியாயிற்று. அதில் 'சுபாவம்' என்ற இடத்தில் கால்நடை மருத்துவமனை எழுத்தர் "அந்நியரைக் கண்டால் குறைக்கும்" என்று எழுதியிருந்தார். இடையின ரகரம் வரவேண்டிய இடத்தில் வல்லின றகரம். கீழே மருத்துவர் கையெழுத்து, மேலே முத்திரை. முத்திரை விழுந்த பிறகு வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? எழுதியபடி நடந்தது.

அவள் துரையையும் கூட்டிக்கொண்டு எழுத்தரிடம் போனாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. வாயால சொன்னா ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றார்.

"நீங்க வாயால சொல்றீங்க. இது எழுத்துப்படி நடக்குதே!"

அடித்துத் திருத்தினால் சான்றிதழ் செல்லாது, புதிதாக வாங்கப் பத்து நாளாகும், விமானமோ வெள்ளிக்கிழமை. துரை எழுத்தரைப் பார்த்தும் குரைத்தது. அவரிடம் எது குறைந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. எழுத்தறிவாக இருக்க வாய்ப்பில்லை. அதில் குறைய இடமில்லை.

எதைக் குறைப்பது என்பது துரையின் இஷ்டம். வீடு பார்க்க வந்தவருக்குத் தொப்பை குறைந்தது, புதிதாகக் குடிவந்த மாடி வீட்டுக்காரிக்குக் குரல் குறைந்தது. தெருவே வந்து நன்றி சொல்லிற்று. வியாழக்கிழமைக்குள் வாசலில் வரிசை நின்றது. அவள் வெளியே சிரித்துக்கொண்டு துணிகளைப் பிடித்துக் கொடுத்தாலும் உள்ளுக்குள் ஒரே பயம். துரை அவள் கணவரைப் பார்த்ததே இல்லை. அதற்கு அவர் அந்நியர். ஆளே ஈர்க்குச்சி, அவரிடம் குறைய என்ன இருக்கிறது? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஏழு வருஷத் தொலைபேசியில் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை. அவளுக்கே அவர் பாதி அந்நியர்தான்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் ஓர் அதிகாரி சிப்பின் எண்ணைச் சரிபார்த்து, ஊசித் தேதியைச் சரிபார்த்து, இனிப் பதினான்கு பக்கப் படிவம் நிரப்பவேண்டும் என்று எடுத்து வைத்தார். துரை குரைத்தது. படிவம் ஒரே பக்கமாயிற்று. அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டு வழிவிட்டார்.

வெளியே கணவர் நின்றுகொண்டிருந்தார். நடுவில் கூண்டு.

"பயணம் சௌகரியமா இருந்துதுங்களா?" என்றார், யாரோ ஒரு விருந்தாளியைக் கேட்பதுபோல. கட்டின மனைவிக்கு 'ங்க' போடுகிறாரே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"இருந்துதுங்க," என்றாள்.

துரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தடவை குரைத்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு மெல்லத் திறந்து, கண்ணாலேயே அவரை அளந்தாள். உயரம் அதே உயரம். தோள் அதே தோள். முடிகூட இருந்தது இருந்தபடி இருந்தது.

கணவர் குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். "கழுத்துப்பட்டைய இவ்வளவு டைட்டாவா போடுவ? உனக்கு எதையுமே லூசா விடத் தெரியாது. என் கல்யாணச் சட்டையில மூச்சு விட முடிஞ்சுதா?"

"வந்து இறங்கல, அதுக்குள்ள குத்தம் சொல்ல ஆரம்பிச்சாச்சா? அது சட்டை டைட் இல்ல, நீங்க அன்னைக்கு மூணு தட்டு சாப்பிட்டீங்க!"

"ரெண்டுதான்டி!"

கூண்டை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, இரண்டா மூன்றா என்று பேருந்து நிறுத்தம்வரை சண்டை போட்டபடியே போனார்கள். அந்த ஊரில் பின்னர் பலருக்குப் பலதும் குறைந்தது. ஆனால் துரை அவரைப் பார்த்து மட்டும் மறுபடி ஒரு நாளும் குரைக்கவில்லை. சட்டப்படி, அந்நியரைக் கண்டால்தானே.