சிரிப்பு வந்ததும் இறங்கிவிடுபவர்

தலையணையை உயர்த்த வந்த நர்ஸ் ரொவேனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காலையில் சொன்ன அதே ஜோக்கை மார்ட்டி கோப்ளின் மறுபடி ஆரம்பித்தார்.

"டாக்டர் வந்தாரு. இன்னிக்கோ நாளைக்கோதான்னாரு. படிச்சவங்க ஆயிரம் சொல்வாங்க, நான் நம்பலை. என் மககிட்ட ஜன்னலைத் திறடின்னேன். 'சரிப்பா'ன்னா. அப்பதான் நம்பினேன்."

ரொவேனா உதட்டைக் கடித்துக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டாள். சிரிக்கவில்லை.

"படிச்சவங்க வேண்டாம். நீளம்," என்று முனகிவிட்டு அவர் கண்ணை மூடினார்.

கட்டிலருகே மகள் நவோமி உட்கார்ந்திருந்தாள். அப்பா, சினிமா ஊரான பர்பாங்கில் பாதி ஸ்டூடியோக்களில் நடித்தவர், ஊர் ஊராக மேடையேறி அமெரிக்காவையே சிரிக்க வைத்தவர். இன்று ஒரு வாய் ஆப்பிள் கூழ் இறங்கவில்லை. ஆனாலும் எந்தச் சொல் மிகை என்று தெரிகிறது! பேச்சு வந்த நாள் முதல் அப்பாவோடு மல்லுக்கு நின்றே பழகியவள்தான். ஜோக்கைச் செதுக்கும் இந்த ஒன்றில் மட்டும் அவளுக்கு அவர் முன்னால் பேச்சே எழுந்ததில்லை.

சமையலறையில் ரொவேனாவை மடக்கினாள்.

"தயவு செஞ்சு சிரிச்சிடாதீங்க."

"என்னால அடக்கவே முடியலை மேடம். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறதைத்தான் தினம் பாக்குறேனே. பாவம், ஒரு தடவை சிரிச்சா என்ன?"

"அவரு பழக்கம் உங்களுக்குத் தெரியாது. பெரிய சிரிப்பு ஒண்ணு வந்துடுச்சுன்னா போதும், லைட்டை அணைன்னு லைட்டுக்காரனுக்கு ரெண்டு விரலைக் காட்டிட்டு மேடையை விட்டு இறங்கிடுவாரு. வேகாஸ்ல கிளப் முதலாளி தலையில அடிச்சுப்பான், பாதி நேரம்கூட ஆகலையேன்னு. சிரிப்பு வரலைன்னா மட்டும் நகரவே மாட்டாரு."

ரொவேனா தலையை ஆட்டிவிட்டு ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சொல்லச் சொல்ல ஜோக் இளைத்தது, அவரும்தான். மதியத்துக்குள் 'ஜன்னலைத் திறடி' போயிற்று. பிறகு 'இன்னிக்கோ நாளைக்கோ'வும் போயிற்று. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் கண் திறந்தார். இந்த முறை ரொவேனாவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"டாக்டர் சொன்னாரு. நம்பலை."

அதோடு நிறுத்திவிட்டார்.

மூச்சுதான் நின்றுவிட்டதோ என்று நவோமி பதறினாள். இல்லை. ஒற்றைப் புருவம் லேசாக ஏறியிருந்தது. சின்ன வயதில் மேடைத் திரைக்குப் பக்கத்தில் நின்று அவள் பார்த்த அதே முகம்; ஆயிரம் பேர் முன்னால் பதறாமல் காத்திருக்கும் முகம். கடைசி வார்த்தையையும் தன்னிடமிருந்து வெட்டி அவளிடம் கொடுத்துவிட்டார். இப்படியும் ஒரு மனிதனா!

அவள் வாயைத் திறக்காவிட்டால் காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். காத்திருக்க அந்த விலா எலும்புகள் படும் பாட்டை நவோமி பார்த்தாள்.

"சரிப்பா," என்றாள்.

ரொவேனா கையிலிருந்த துண்டை வாயில் அழுத்திப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அறை முழுக்க நிறைந்தது.

போர்வைமேல் இரண்டு விரல்கள் மெல்ல உயர்ந்தன.

நவோமி எழுந்துபோய்க் கட்டிலோர விளக்கை அணைத்தாள்.