முன்சீட்டில் பூவாத்தாள்

தாராபுரத்தில் அந்த மே மாதம் தொடங்கி ஆறு வருடம் ஆகிவிட்டது. காலண்டர் அச்சடிப்பவர்கள் முதலில் கொஞ்சம் தடுமாறினார்கள். பிறகு ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அடித்துக் கொடுத்துப் பழகிக்கொண்டார்கள்.

அந்த ஊர்க் கார்களில் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் ஏ.சி. வரும். தனியாள் என்றால் ஹீட்டர் அடிக்கும். இதை யாரும் கோளாறு என்று சொல்வதில்லை. பிறவிக்குணம், அவ்வளவுதான்.

கார் ஏ.சி. எலக்ட்ரீஷியன் சென்னியப்பனுக்கு ஆகவே எப்போதும் ஓர் ஆள் கூட வேண்டியிருந்தது. வண்டிக்காரர் ஸ்டியரிங்கில் உட்காருவார். பக்கத்துச் சீட்டில் சென்னியப்பனின் மனைவி பூவாத்தாள். அவர் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு "வருதா?" என்பார். அவள் காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்து "வருதுங்க" என்பாள், அல்லது "வரலீங்க" என்பாள். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது இதைத்தான். அவருக்கு அது போதுமானதாகவே இருந்தது.

முதல் வருடம், மே ஒன்பதாம் தேதி, ஒரு வெள்ளைக் கார் தயாரானது. சென்னியப்பன் பானட்டை மூடினார். அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டி, எடுத்துக்கொள்ளலாம் என்றார். பூவாத்தாளை இறங்கச் சொல்ல மறந்துவிட்டார். அதற்குள் அடுத்த காரின் பானட்டில் அவர் தலை இருந்தது.

வெள்ளைக் கார்க்காரர் நாட்ராயன், ஒண்டிக்கட்டை. அப்படியே கிளம்பிப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வெயில் அப்படி.

ஊரில் யார் எந்தக் கார்ச் சீட்டில் என்று பதிந்து வைக்கும் இருக்கைகள் அலுவலகத்துக்குச் சென்னியப்பன் போனார். அதன் வராந்தா, வருகிறவர் எத்தனை பேர் என்று பார்த்து நீளும். குடும்பமாக வந்தவர்கள் நாலு எட்டில் கவுன்ட்டரைத் தொட்டார்கள். அவருக்கு மதியமாகிவிட்டது.

"காணாமப் போனவங்களா?" என்றாள் கவுன்ட்டர் அம்மாள்.

"இல்லீங்க. கார்ல இருக்கா."

"அப்ப பொருத்தப்பட்டவங்க." அவள் அதையே எழுதி, சீல் வைத்தாள். "மே முடிஞ்சதும் வாங்க."

அதற்குப் பிறகு வண்டிக்காரர்களே யாரையாவது கூட்டி வந்தார்கள். வந்தவர்களும் "வருது" என்று சொல்லத்தான் செய்தார்கள். எந்த "வருது"வும் அவருக்கு வந்த மாதிரி இல்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, காலியான கார் ஒன்றைப் பார்த்து "வருதா?" என்று கேட்பார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் மனம் அவள் முகத்தைவிட அந்தக் குரலைத்தான் தேடியது.

ஆறாவது வருடம், மறுபடி ஒரு மே ஒன்பதாம் தேதி, காலை பத்து மணிக்கு, வெள்ளைக் கார் திரும்பி வந்தது. இரண்டு பேர் இருந்தும் ஹீட்டர் அடிக்கிறது என்றார் நாட்ராயன். அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்துச் சீட்டில் அதே இலைப்பச்சைச் சேலையில் பூவாத்தாள் இருந்தாள்.

"எளைச்சுட்டீங்க," என்றாள்.

சென்னியப்பன் பானட்டைத் திறந்தார். பேச்சு வராதபோது பானட்டைத் திறப்பது அவர் வழக்கம். திறந்ததும் மூடி அவள் முகத்தை மறைத்துவிட்டது.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலேயும் நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, ஊசியைக் கம்ப்ரசர் ஒயரில் வைத்தார். பல்பு எரிந்தது. கரண்ட் வருகிறது, கம்ப்ரசர் மட்டும் பிடிக்கவில்லை. அப்படியென்றால் எர்த்தில்தான் கோளாறு. தேடிப் பார்த்தால், போல்ட் தளர்ந்து, ஒயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். சுரண்டி முறுக்கினால் வேலை முடிந்தது. முடிந்தால் கார் போய்விடும்.

அவர் எதையும் தொடாமல் கேட்டார்.

"வருதா?"

"வரலீங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் வரலீங்க என்றாள். பிறகு ஃபியூஸைக் கழற்றி, அதே ஃபியூஸை மாட்டிவிட்டுக் கேட்டார். ரிலேயை வெறுமனே விரலால் தட்டிவிட்டுக் கேட்டார். இருபதாவது தடவையில் பானட் மூடி கடைக் கூரையை முட்டியது. நாற்பதாவது தடவையில் காரும் நீண்டுவிட்டது. அவள் பதில் வந்து சேர ஒரு டீ குடிக்கும் நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார். ஆறு வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நாற்பத்தொன்றாவது தடவை வேறு பதில் வந்தது.

"ஏனுங்க, எர்த்த முறுக்காம கேட்டா எப்படிங்க வரும்?"

பதினாறு வருடம் அந்தச் சீட்டில் உட்கார்ந்தவள். ஸ்பேனர் சத்தம் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

"முறுக்கிட்டா நீ போயிருவியே," என்றார் சென்னியப்பன்.

பிறகு, "அவரு வெந்துட்டிருக்காருங்க," என்று வந்தது.

அது உண்மைதான். நாட்ராயன் பாதியாகக் குறைந்துபோய், ஸ்டியரிங்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் உப்புத்தாளை எடுத்துப் பச்சையைச் சுரண்டினார். ஒயரை வைத்து போல்ட்டை முறுக்கினார். டக்கென்று கம்ப்ரசர் பிடித்தது. கார் பழைய நீளத்துக்கு வந்தது.

"வருதா?"

"வருதுங்க."

பானட்டை மூடினார். தட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்துக் கண்ணாடியருகே வந்து நின்றார்.

"நீ எறங்கு. நான் உக்காந்துக்கறேன்."

"அப்புறம் கடைல நான் யாருக்குங்க சொல்றது?" என்றாள் பூவாத்தாள்.

அதை அவர் யோசித்திருக்கவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

பின்னால் ஏ.சி. கிடையாது, ஹீட்டர்தான் என்று நாட்ராயன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சென்னியப்பன் பரவாயில்லை என்றார். கார் கிளம்பியது. கடையில் நான்கு கார்கள் பானட் திறந்தபடி நின்றன.

முன்சீட்டுக்கு மேல் அவள் தலை தெரிந்தது. வகிட்டில் நரை விழுந்திருந்தது. இதை இப்போதுதான் பார்க்கிறார். பின்சீட்டில் அனல் அடித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவர் அவளைப் போலவே உள்ளங்கையை முன்னால் நீட்டி வைத்திருந்தார்.

ஆற்றுப்பாலம் தாண்டியதும், திரும்பிப் பார்க்காமல் பூவாத்தாள் கேட்டாள்.

"அங்க வருதுங்களா?"

உள்ளங்கை கொதித்தது.

"வருது," என்றார் சென்னியப்பன்.