ஓரிக்ஸ் ஓடவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. சொன்னவன் நான். கோலியர்ஸ் வுட்டில், என் சமையலறையில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், என் மகள் ஜெனோஜாவிடம் சொன்னேன். அவளுக்குப் பதின்மூன்று வயது.

முதல் வரைவில் பொய் சொன்னவனுக்கு ஞானேஸ்வரன் என்று பெயர் வைத்து, வால்தம்ஸ்டோவில் குடியிருத்தி, ஒரு மீசையும் கொடுத்தேன். மூன்று பக்கம் தாங்கினான். பிறகு என் குரலில் பேசத் தொடங்கிவிட்டான். அனுப்பிவிட்டேன்.

2

இரண்டாம் தொடக்கம்: “நமீபியாவின் செம்மணலில் சூரியன்...” (நான் நமீபியாவுக்குப் போனதே இல்லை. விடுங்கள்.)

போகவிருந்தவள் ஜெனோஜா. கூட்டிப்போகிறவர் மார்ட்டின், என் முன்னாள் மனைவி வத்சலாவின் இப்போதைய கணவர். நல்ல மனிதர், அதுதான் என் எரிச்சல். ஓரிக்ஸ் சுடப் போகிறார்கள். மான்தான், ஆனால் புள்ளிமான் இல்லை. மாட்டளவு உடம்பு, லேசில் விழாது. எந்தச் சன்னம் பாவிப்பது என்று நீயே படித்துத் தெரிவுசெய் என்று அவளிடம் விட்டிருந்தார். (துப்பாக்கியை எங்கள் பக்கத்தில் துவக்கு என்போம், அதன் குண்டைச் சன்னம் என்போம். ‘தோட்டா’ என்று எழுதிப் பார்த்தேன். கை ஒப்பவில்லை.)

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். மூன்று சன்னங்களின் படங்கள். என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்துக் கேட்கவில்லை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், சும்மா காட்டினாள்.

“போகாதை, பிள்ளை” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மார்ட்டினை விட எனக்கு ஒன்று கூடத் தெரியும் என்று காட்ட ஆசைப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“முதலாவது மெல்லிசு, தோள் எலும்பில பட்டவுடன சிதறிப்போம். கடைசி ஊடுருவிப் போயிடும். விழாது, ஓடும். பிறகு நீங்கள் ரத்தத்தைப் பாத்துப் பாத்துப் பின்னால போகவேணும். அது உனக்கு வேண்டாம். நடுவில இருக்கிற பாரமானதை எடு. உள்ளுக்குப் போய் விரியும், உடையாது.”

தோசை கருகியது.

“அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“யூடியூப்.”

3

[இங்கே ஒரு பத்தி இருந்தது. இளம்பனைகள் நின்ற ஒரு வடலிக் காணி, காயத்தோடு ஓடிய ஓர் ஆமிக்காரன், அவன் பின்னால் துவக்கோடு போன இருபது வயது நான். எட்டுமுறை எழுதினேன். எட்டிலும் நான் நல்லவனாகவே வந்தேன். எடுத்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்: கிணற்றுக் கட்டில் சாய்ந்திருந்தான். தண்ணீர் கேட்டான். நான்]

4

திரும்பி வந்த ஜெனோஜா வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள்.

“அப்பா, நீங்க சொன்னது சரி! ஓடேல்லை. பின்னால போகவே தேவையில்லை.”

மார்ட்டினும் என்னைப் புகழ்ந்தாராம். அவள் பிறந்ததிலிருந்து என்னிடம் வாங்கிக்கொண்ட ஒரே யோசனை இதுதான். நான் பூரித்துப்போனேன். அதற்காகத்தான் இன்றைக்கும் மனம் வருந்துகிறேன்.

காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டாள்: “அப்பா, நீங்க என்ன சுட்டீங்க?”

யூடியூபை அவள் நம்பவே இல்லை.

“பன்றி,” என்றேன். “ஊரில. ஒருக்கா.”

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “ஓகே, அப்பா” என்று மெதுவாகச் சொன்னாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

5

முடிவு அ: எல்லாம் சொல்கிறேன், அவள் அழுதுகொண்டு மார்ட்டினின் காரில் ஏறுகிறாள். முடிவு ஆ: சொல்லவில்லை, அடுத்த வேட்டைக்கு என்னையும் கூப்பிடுகிறாள். இரண்டையும் வெட்டிவிட்டேன். முடிவு ஆவை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயம்.

இதைத் தமிழில் எழுதியதே அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால்தான். கோழைத்தனம்தான். ஆனால் போன கிழமை என் அரிசிப் பையின் மேல் போனைப் பிடித்து, தமிழை ஆங்கிலமாக்கி வாசித்துச் சிரித்தாள்.

இன்று சனிக்கிழமை, அவள் வருகிற நாள். தாள்கள் மேசையில் கிடக்கின்றன. வாசல் மணி அடிக்கிறது, நான் கதவைத் திறக்கப் போகிறேன். இப்போது அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். ஒளிப்பதென்றால் ஒளித்துவிடுங்கள். அவள் பார்க்க விடுவதென்றால், கடைசித் தாளை மேலே வையுங்கள். அதில் ஒரு வரிதான் இருக்கிறது.

ஜெனோ, அது பன்றி இல்லை.