விசில் மாஸ்டரின் புது வால்வும் மூன்றாவது மாடியும்

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே தாழ்வாரத்தில் ஒரு பெரியவரை நடக்கவிட்டு, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே இதயத்துக்குப் புது வால்வு வைத்து ஒரு வருடம் ஆகிறதாம். மனிதர் ஜம்மென்று நடந்தார். நர்ஸ் கைதட்டினார், நானும் தட்டினேன். கதை கிடைத்துவிட்டது என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

(வீட்டில் எனக்கு அவசரக்குடுக்கை என்று பெயர்.)

2

முதல் தொடக்கம்: 'அவருடைய இதயத்தில் ஒரு புதிய கதவு திற...' வேண்டாம். வால்வைக் கதவென்று எழுதாத ஆளே கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: அவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஊருக்கே விசில் மாஸ்டர். மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வால்வு சுருங்கியிருந்த காலத்தில் மாஸ்டர் மாடித் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்குவார். அவளும் நிற்பாள். "மெதுவாவே வாங்க, இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" என்பாள். அவருக்காகவே அவள் தன் நடையைச் சுருக்கிக்கொண்டாள்.

கடைசி வாக்கியத்தை எழுதியதும் எனக்கே கண் கலங்கிவிட்டது. அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

சிகிச்சை முடிந்து அந்த வாரமே மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் தழும்பைக் கேட்டார்கள். "எல்லாம் தொடையில இருக்குய்யா, எப்படிக் காட்டுறது?" என்று சங்கடப்பட்டார். சில மாதங்களில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டத் தொடங்கினார். அன்று தாழ்வாரத்தில் கைதட்டல் வாங்கித் திரும்பியபோதும் அப்படித்தான் ஏறினார்.

"என்ன, ஆமை மாதிரி வர்றே? வேகம், வேகம்!"

"உங்களுக்கென்ன, கைய வீசிட்டுப் போறீங்க. பைய யாரு தூக்கறது?"

அந்தப் பையில் கனமாக ஏதாவது வைக்கப் பார்த்தேன். அரிசி? ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் எதற்கு அரிசி வாங்... பையில் இருந்தது அவருடைய ரிப்போர்ட்டும் பாதி தண்ணீர் பாட்டிலும்தான்.

4

அப்படியானால் 'அவருக்காகவே' என்று எழுதி நான் கண் கலங்கிய வாக்கியம் பொய்.

(அடிக்குறிப்பாகவாவது சொல்லிவிடுகிறேன்: தாழ்வாரத்தில் அவரோடு கூடவே நடக்கக் கிளம்பிய மனைவி பாதியிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் தட்டியபோது அவள் கை நெஞ்சில் இருந்தது. பெருமை தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.)

அவர் நின்ற இடத்திலெல்லாம் அவளுக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைத்திருக்கிறது. இத்தனை வருடமாக அது யாருக்கும் தெரியவில்லை, அவளுக்குமே தெரியவில்லை. அவர் குணமானார். நிற்பதற்கு அவளுக்குச் சாக்கு இல்லாமல் போய்விட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சந்தோஷமான கதை எழுத வந்தவன் நான்.

5

ஒரு முடிவு: அவள் சொல்லிவிடுகிறாள். மாஸ்டர் தடதடவென்று இறங்கி ஓடி வருகிறார்.

எழுதிப் பார்த்தேன், அவள் வாயைத் திறக்கவில்லை. 'இப்பத்தான் மனுஷன் தெம்பா நடமாடுறாரு. அதுல மண்ணள்ளிப் போடவா?' என்று நினைக்கிறாள்.

இன்னொரு முடிவு: "மூட்டு வலிங்க" என்று சொல்லிச் சமாளித்து, மெல்ல ஏறி வீட்டுக்குப் போய்... இதை நான் எழுத மாட்டேன்.

6

இரண்டாவது மாடித் திருப்பம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேலே அவர் வாயில் விரல் வைத்து நீளமாக விசிலடிக்கிறார். மூச்சு திரும்பி வந்த பெருமை அது. பதில் கொடுக்க அவளுக்குக் குரல் எழவில்லை.

மாஸ்டர் மேலே இருக்கிறார். நான் கைதட்டிவிட்டு வந்தவன், இந்தப் படிக்கட்டில் நான் இல்லை. கீழேயிருந்து இப்போது ஏறி வருவது நீங்கள் மட்டும்தான். உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

அவள் ஒதுங்கி வழிவிடுவாள். "ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று சிரிப்பாள்.

போய்விடாதீர்கள்.