குழாய்க்காரரின் தலை

ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பது லைசென்ஸ் வாங்கப் போகும் அன்றே சொல்லித்தருகிற விஷயம். நான் அன்று காலை கண்ணாடியைப் பார்க்கவில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நகராட்சித் தண்ணீர் லாரியின் பின்பக்கம், பூங்காவின் நடுவே இருந்த பீடத்தில் போய் முட்டியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ பீரோ நகர்த்துகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். மேலே நின்றிருந்தவர் என்ன விஷயம் என்று கேட்பதுபோல என் பக்கம் லேசாகக் குனிந்தார். அப்புறம் குனிந்துகொண்டே இருந்தார். புல்தரையில் விழுந்தபோது கழுத்தோடு முறிந்து, தலை மட்டும் தனியாக உருண்டு போய்க் குப்பைத்தொட்டியில் சாய்ந்து நின்றது. நான் முதலில் செய்த காரியம் இஞ்சினை அணைத்ததல்ல, இறங்கி ஓடியதுமல்ல. இண்டிகேட்டர் போட்டேன். எந்தப் பக்கம் திரும்புவதற்கு என்று இன்றுவரை தெரியாது.

விழுந்தவருக்குப் பீடத்தில் செதுக்கிய நீளமான பெயர் ஒன்று உண்டு. அதற்கு யாருக்கும் நாக்கு வளையாது. கையில் தொலைநோக்கிக் குழாயோடு கடலைப் பார்த்து நிற்பதால் ஊருக்கே அவர் குழாய்க்காரர். எந்தக் காலத்திலோ மரக்கப்பலில் வந்து இந்தக் கரையைக் கண்டுபிடித்தவர் என்று பீடம் சொல்கிறது. அவர் வந்து இறங்கிய அன்று கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தாங்கள் காணாமல் போயிருந்த விஷயமே தெரியாது. கொடி நட இடம் வேண்டுமென்று அவர்களுடைய குடிசைகளைக் கொளுத்தினார். ஓட முடியாமல் அகப்பட்ட ஆண்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். இதைப் பீடம் சொல்லாததால், சொல்வதற்காக ஒரு வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகள் பூங்கா வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். சிலைமேல் கை வைக்கக் கூடாது என்று எதிர்வாசலில் ரிடையர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் தலைமையில் இன்னொரு கூட்டம். நகராட்சி கமிட்டி போட்டது. கமிட்டி டீ குடித்தது. இத்தனை பேர் சேர்ந்து தீர்க்க முடியாத விவகாரத்தை நான் ரிவர்ஸ் கியரில் தீர்த்துவைத்தேன்.

மறுநாள் டிப்போவுக்குக் கல்லூரிக் கூட்டத்தின் தலைவி வந்தாள். கண்ணாடி போட்ட, சின்னதாக ஒரு பெண். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். டிப்போவில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கே என் கையைப் பிடித்தது ஸ்டியரிங் மட்டும்தான்.

"அண்ணே, நீங்க பண்ணது சாதாரண காரியம் இல்ல."

"அது வந்தும்மா, கண்ணாடி பாக்காம..."

"புரியுதுண்ணே. வெளிய அப்படித்தான் சொல்லணும். அப்படியே சொல்லுங்க." ஒரு கண்ணை மூடித் திறந்தாள்.

அதற்கப்புறம் எனக்கு ஆட்கள் கிடைத்தார்கள். சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு தலையணை என்று இருந்தவனுக்கு இது அதிகம். கல்யாணம் என்பது என் விஷயத்தில் பேச்சுவார்த்தை அளவிலேயே இனிதே முடிந்த ஒன்று. போன் செய்வதென்றால் அக்கா மட்டும்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இப்போது பஸ்ஸில் ஒரு போன் விடாமல் அடித்தது. எந்த மடையன் எடுக்காமல் இருக்கிறான் என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சுற்றிச் சுற்றி முறைத்தேன். கடைசியில் அது என் சட்டைப் பையிலிருந்து வந்தது. என் மணிச்சத்தம் எனக்கே மறந்திருந்தது.

ஹெட்மாஸ்டரும் விடவில்லை. டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "ஏம்பா, மேப்புகூட இல்லாத கடல்ல வந்த மனுஷன். அந்தத் தைரியத்துல துளி உனக்கு வருமா? அவரு வரலன்னா துறைமுகம் ஏது, ஆஸ்பத்திரி ஏது, நீ ஓட்டற லாரிதான் ஏது?"

"அப்படிப் பாத்தா அவரு விழுந்ததுக்கும் அவரேதான் காரணம் சார்."

அவர் சிரிக்கவில்லை. அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த பாடம் புல்தரையில் கிடக்கிறதே என்கிற வருத்தம். எனக்குப் பாவமாக இருந்தது. இதைக் கண்ணாடிப் பெண்ணிடம் சொன்னேன். "தைரியம் இல்லன்னு யாருண்ணே சொன்னா? வீடு பூந்து திருடறவனுக்கும்தான் தைரியம் வேணும். அதுவும் இவரு தேடிட்டு வந்தது வேற ஊரு. வழி தப்பித்தான் இங்க வந்து சேந்தாரு." அதைக் கேட்டபோது குழாய்க்காரரோடு எனக்கு ஒரு நெருக்கம் ஏற்பட்டது. அவர் வழி தப்பிப் பெரிய மனிதரானார். நான் கண்ணாடி பார்க்காமல் ஆனேன். என் கணக்கில் குடிசை எதுவும் எரியவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவின் ஆட்கள் அந்தக் கரைக்காரர்கள்தான்.

நான் ஏன் மேலே பார்த்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தேன் என்று மட்டும் யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். தினமும் காலையில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது, "வந்துட்டேன்பா" என்று அவரிடம் சொல்வேன். ஏனென்றால் அந்த முகம் என் அப்பாவுடையது.

அம்மாவுக்கு அந்தப் பூங்காவில்தான் கூட்டிப் பெருக்கும் வேலை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே ஏதோ ஒரு கப்பலில் ஏறிப் போனவர், வரவில்லை. வீட்டில் அவர் படம் கிடையாது. ஒருநாள் அம்மா துடைப்பத்தின் அடிக்கட்டையால் சிலையைக் காட்டினாள். குழாய்க்காரரின் நிஜ முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாதாம். சிலை செய்தவர் துறைமுகத்துக்குப் போய், இருப்பதிலேயே களையான ஆளாகப் பார்த்து அப்பாவை அழைத்து வந்து, எதிரில் உட்காரவைத்து, அவர் முகத்தை எடுத்துக்கொண்டாராம். நான் நம்பினேன். பரீட்சையில் தேறியபோது அங்கே போய்ச் சொன்னேன். தேறாதபோதும் சொன்னேன், அவர் திட்ட மாட்டார். லாரி வேலை கிடைத்ததும் பூங்கா லைன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சிலையைக் கழுவும் நாளில் உடம்புக்கெல்லாம் வேகமாக அடிக்கிற தண்ணீரை முகத்துக்கு வரும்போது குறைத்துவிடுவேன். கண்ணுக்குக் கீழே புறா போட்டதை ஏணி வைத்து ஏறி, என் துண்டால் துடைப்பேன். அவர் செய்தது அவரோடு, முகம் மட்டும் எனக்கு என்று எனக்குள் ஒரு பாகப்பிரிவினை.

வயதாக ஆகச் சந்தேகம் வராமலில்லை. ஆனால் அதற்குள் அம்மா போய்விட்டாள். மிச்சம் அக்கா. அப்பா போனபோது அவள் விவரம் தெரிந்த பெண். "அது நிஜமாவே அப்பா முகம்தானாக்கா?" என்று கேட்டால், "முட்டி வலின்னியே, டாக்டரப் பாத்தியா?" என்பாள். இன்னொரு முறை கேட்டால், "இரு, உலை கொதிக்குது" என்று எழுந்து போவாள். அவளுடைய அடுப்பில் எப்போதும் சரியான நேரத்துக்கு ஏதாவது கொதிக்கும்.

உடைந்த தலையை டிப்போவில் டயர் போடும் அறையில் வைத்திருந்தார்கள். இத்தனை வருடமும் கீழேயிருந்து தாடையையும் மூக்குத் துவாரத்தையும்தான் பார்த்திருக்கிறேன். முதல்முறையாக நேருக்கு நேர். நினைத்ததைவிடச் சின்ன முகம். சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது தூக்கிக்கொண்டு போய், லாரியின் பக்கக் கண்ணாடி முன்னால் என் முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். மூக்கு, இருக்கலாம். நெற்றி, வெளிச்சத்தைப் பொறுத்தது. காது சுத்தமாக இல்லை. ஆனால் சிமெண்டில் காது செய்வது கஷ்டம்தானே. அந்தக் கண்ணாடியை அதற்கு முன்பே இவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தால் வம்பே வந்திருக்காது.

டிப்போ மேனேஜர் வந்துவிட்டார். நல்லவேளை, நான் ஷேவிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டார். "கமிட்டி முடிவு பண்ணிடுச்சுப்பா. உடம்பு, தலை எல்லாத்தையும் உடைச்சுக் கடலரிப்பத் தடுக்கக் கரையில கொட்டறாங்க. நாளைக்கு."

"என் மேல நடவடிக்கை ஏதாச்சும் இருக்கா சார்?"

"பாக்கலாம், பாக்கலாம்." அவர் சொந்தக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் சம்மதம் சொல்லியிருப்பார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இந்த முறை என்னுடையதென்று தெரிந்துவிட்டது. கண்ணாடிப் பெண். "அண்ணே, நாளைக்கு சுத்தியல் எடுத்து முதல் அடி நீங்கதான் அடிக்கணும். தலையில. எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டோம்." அவள் சந்தோஷத்தில் மூச்சு வாங்கினாள். அண்ணே என்று கூப்பிடுகிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. "சரிம்மா" என்றேன். அவள் சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. அந்தத் தலைக்கு அது தகும். அந்த முகத்துக்கு?

பிற்பகல் டிரிப்புக்கு லாரியை எடுத்தபோது தலையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்து சீட்டில் வைத்தேன். வளைவில் உருண்டது. பெல்ட் போட்டுவிட்டேன். சாக்கு நழுவியது, மூச்சு முட்டுமே என்பதுபோல அப்படியே விட்டுவிட்டேன். என் அறைக்குக் கொண்டுபோக முடியாது, சைக்கிள் கடைக்காரனுக்குக் கண் எல்லா இடத்திலும் உண்டு. அக்கா வீட்டில் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நான் போனபோது கூடை நிறையப் போர்வைகளோடு தனியாக நின்றுகொண்டிருந்தாள். நீராவியில் முகம் வெந்திருந்தது. "வந்துட்டியா, நல்லதாப் போச்சு. அந்த ரெண்டு முனையப் பிடி," என்றாள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் என் உத்தியோகம் எதிர்முனை பிடிப்பது. இழுத்து உதறி, பாதியாக மடித்து, இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்து, என் முனைகளை அவள் வாங்கிக்கொள்வாள். மறுபடி பின்னால் போவோம்.

"அக்கா, ஒரு பொருள் கொஞ்ச நாள் உன் வீட்ல இருக்கட்டும்."

"என்ன பொருள்?"

"தல."

அவள் உதறுவதை நிறுத்தவில்லை. "யாரு தல?"

"நாளைக்கு உடைக்கறாங்கக்கா. என்னையே அடிக்கச் சொல்றாங்க. நான் எப்படி அடிப்பேன்? அவன் பண்ணதுக்கெல்லாம் சிலையே வெச்சிருக்கக் கூடாது, எனக்குத் தெரியும். ஆனா அந்த முகம்..."

"ஏன்டா இளைச்சுப் போயிருக்க? ராத்திரி சாப்பிடறியா இல்லயா?"

"அக்கா."

அப்போது கதவில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். "வெளிய தண்ணி லாரி உங்களதா? ஆம்புலன்ஸ் வர்ற வழில நிக்குது. முன் சீட்ல உக்காந்திருக்கவரக் கொஞ்சம் நகத்தச் சொல்லலாம்னு பாத்தா, மனுஷன் எத்தன தடவ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறாரு. உங்க வீட்டுப் பெரியவரா?"

வாயைத் திறந்தேன். என்ன சொல்வதாக இருந்தேனோ, தெரியாது.

"இல்லப்பா," என்றாள் அக்கா. "சிமெண்டுத் தல அது. எங்களுக்கு யாருமில்ல. இப்ப வந்து எடுத்துருவான், போ."

அவர் குழம்பிப்போய்த் திரும்பிச் சென்றார். நான் போர்வை முனைகளைப் பிடித்தபடி நின்றேன். அக்கா தன் பக்கத்தை விறைப்பாக இழுத்துப் பிடித்தாள், விடவுமில்லை, மடிக்கவுமில்லை.

"யாருமில்லயா?" என்றேன்.

"இல்லடா. அது அப்பா இல்ல." இந்த முறை எதுவும் கொதிக்கவில்லை. "நீ தினம் துறைமுக கேட்டுல போய் நின்னுக்குவ. லாரியும் கிரேனும் போற எடம். அம்மா வேலையப் பாதில போட்டுட்டு உன்னத் தேடி ஓடுவா. இன்னொரு தடவ ஓடினா வேலைக்கே வராதேன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்குத்தான் சிலையக் காட்டினா. அதுக்கப்புறம் நீ பூங்காவ விட்டு எங்கயும் போகல. அவ கண்ணு முன்னாடியே இருந்த."

நீராவிக் குழாய் எங்கோ ஒருமுறை சீறி அடங்கியது. இவ்வளவு நாள் முகத்துக்கு மட்டும் தண்ணீரைக் குறைத்தேனே என்று நினைத்தேன். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

"அம்மாவோட ஆளுங்களத்தானே அவன் கொளுத்தினான். அம்மாவுக்கு அது தெரியாதா?"

"தெரியாம என்ன. நமக்கெல்லாம் அந்தக் கத சொன்னதே அவதானே." அக்கா நடந்து வந்து என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டாள். கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மாவின் முகம்தான் அது, எந்தச் சந்தேகமும் இல்லாமல். "அவன்தான்டா எங்கயும் போகாம அங்கயே நின்னான். அவளுக்கு வேற யாரு இருந்தா காட்டறதுக்கு?"

கூடையிலிருந்து அடுத்த போர்வையை எடுத்து இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"அப்ப அப்பா எப்படி இருப்பாருக்கா?"

அவள் போர்வையை உதறினாள். அது காற்றை வாங்கிக்கொண்டு எங்களுக்கு நடுவே வெள்ளையாக எழும்பி நின்றது. அந்தப் பக்கம் அவளுடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. ஒருமுறை உதறினாலே போதும், மறுபடியும் உதறினாள்.

"மறந்துட்டேன்டா," என்றாள் போர்வைக்குப் பின்னாலிருந்து. "எனக்கும் தெரியாது."